அல்-சாயிகா: சிரியா வளர்த்த பாலஸ்தீனப் படை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலஸ்தீனத்தைப் பற்றி எதை எழுதினாலும் சிரியாவை ஆண்ட அசாத் குடும்பத்தைப் பற்றிய கேள்வி ஒன்று வந்துவிடும். "என்ன இருந்தாலும் பாலஸ்தீன இயக்கங்களுக்கு இடமும் ஆயுதமும் கொடுத்தது சிரியாதானே?" என்று கேட்பார்கள். உண்மைதான், இரண்டையும் கொடுத்தது. அந்த ஆயுதம் யார் பக்கம் திரும்பியது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது.

அல்-சாயிகா என்பது என்ன?

அரபியில் 'சாயிகா' என்றால் இடி, மின்னல். அமைப்பின் முழுப்பெயர் 'மக்கள் விடுதலைப் போரின் முன்னணிப்படை'. சிரியாவை ஆண்ட பாத் கட்சி 1966-இல் உருவாக்கி, 1968 கடைசியில் முழுவேகத்தில் களத்தில் இறக்கிய பாலஸ்தீன ஆயுதக் குழு இது. எழுபதுகளின் தொடக்கத்தில் பாலஸ்தீன இயக்கங்களின் கூட்டமைப்பான பி.எல்.ஓ.வுக்குள் யாசிர் அரஃபாத்தின் ஃபத்தாவுக்கு அடுத்த பெரிய அமைப்பு இதுதான். அவ்வளவு பெரிய அமைப்பின் பெயரை இன்று கேள்விப்படாதவர்கள்தான் அதிகம். அதற்கு 1976-இல் நடந்ததே காரணம், அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

சிரியாவிடம் சொந்த ராணுவம் இருந்ததே, தனியாக ஒரு பாலஸ்தீனப் படை எதற்கு?

ஃபத்தா அவர்கள் பிடியில் நிற்கவில்லை, அதுதான் முதல் காரணம். 1966-இல் அரஃபாத்தையே சிரியத் தலைநகர் டமாஸ்கஸில் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ஹாஃபிஸ் அல்-அசாத். இருவருக்கும் இடையிலான கசப்பு சாகும்வரை தீரவில்லை.

அப்புறம் 1967 ஜூன் போர். எகிப்து, ஜோர்டான், சிரியா மூன்றும் ஆறே நாளில் தோற்றன, கோலான் குன்றுகள் சிரியாவின் கையைவிட்டுப் போயின. அடுத்த மார்ச்சில் ஜோர்டானிலுள்ள கராமே என்ற ஊரில் பாலஸ்தீனப் போராளிகளும் ஜோர்டான் ராணுவமும் இஸ்ரேலியப் படையை நின்று எதிர்த்தார்கள். அரபு நாடுகள் எல்லாம் தலைகுனிந்து நின்ற நேரத்தில் இப்படியொரு சண்டை என்றால் எப்படியிருக்கும்? ஃபத்தாவில் சேர இளைஞர்கள் வரிசைகட்டினார்கள். மக்களின் மரியாதை முழுக்க ஃபெதாயீன் எனப்பட்ட அந்தப் போராளிகளிடம் போனது. அந்த மரியாதையில் ஒரு பங்கு தங்களுக்கும் வேண்டும், அந்தத் துப்பாக்கிகளின் விசையில் தங்கள் விரலும் இருக்க வேண்டும் என்று அரபு ஆட்சியாளர்கள் நினைத்தார்கள். சிரியா சாயிகாவைக் கொண்டுவந்தது. ஈராக்கின் பாத் கட்சி 1969-இல் 'அரபு விடுதலை முன்னணி' என்று தன் பங்குக்கு ஒன்றைத் தொடங்கியது.

ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்?

பெரும்பாலும் சிரியாவிலிருந்த அகதிகள். 1948-இல் ஹைஃபா, ஸஃபத், திபேரியா பக்கமிருந்து துரத்தப்பட்டு எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிரியா வந்தார்கள். 1956-இல் சிரியா ஒரு சட்டம் போட்டு, குடியுரிமையும் வாக்குரிமையும் தவிர வேலை, படிப்பு, தொழில் எல்லாவற்றிலும் சிரியர்களுக்குள்ள உரிமைகளை அவர்களுக்கும் கொடுத்தது. லெபனானில் அகதிகள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம், அதை மறைக்கக் கூடாது. கட்டாய ராணுவ சேவையும் கூடவே வந்தது. பாலஸ்தீன இளைஞர்கள் பாலஸ்தீன விடுதலை ராணுவத்தின் சிரியப் பிரிவில் சேவை செய்தாக வேண்டும். பெயரளவில் அது பி.எல்.ஓ.வின் படை, உத்தரவு வந்ததோ டமாஸ்கஸிலிருந்து.

சாயிகா அப்படிக் கட்டாயத்தில் சேரும் படை இல்லை, ஆனால் சம்பளம், ஆயுதம், பயிற்சி, அதிகாரிகள் எல்லாம் சிரிய அரசு கொடுத்தவை. முகாமில் பிறந்து ஊருக்குத் திரும்பும் கனவோடு வளர்ந்த பையனுக்கு, பக்கத்துத் தெருவில் அலுவலகம் திறந்து துப்பாக்கியும் மாதச் சம்பளமும் கொடுக்கிற இயக்கத்தில் சேருவது இயல்பான ஒன்று. அவன் சேர்ந்தது பாலஸ்தீனத்துக்காகத்தான்.

சாயிகா டமாஸ்கஸின் கையாள்தான் என்பது எப்போது வெளிப்பட்டது?

1970-லேயே தெரிந்துவிட்டது. சிரியாவில் அப்போது அதிகாரம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கட்சி சலாஹ் ஜதீத் கையில், ராணுவம் ஹாஃபிஸ் அல்-அசாத் கையில். ராணுவம் இல்லாத ஜதீதுக்கு சாயிகாதான் பலம், அதனால் சாயிகா தலைமை அவருடைய ஆட்களிடம் இருந்தது.

அந்த செப்டம்பரில் ஜோர்டான் மன்னர் ஹுசைன் பாலஸ்தீனப் போராளிகளைத் தாக்கினார், கறுப்பு செப்டம்பர் என்பார்களே அதுதான். விடுதலை ராணுவத்தின் அடையாளம் பூசிய சிரிய டாங்கிகள் எல்லை தாண்டின. அசாத் தன் விமானப்படையை அனுப்ப மறுத்துவிட்டார். ஜோர்டான் விமானங்கள் அந்த டாங்கிகளைத் தாராளமாக அடித்தன, சில நாட்களில் திரும்பிப் போய்விட்டார்கள். நவம்பரில் அசாத் ஆட்சியைப் பிடித்தார். ஜதீத் சிறைக்குப் போய், 1993-இல் அங்கேயே செத்தார். சாயிகாவில் அவருடைய ஆட்கள் களையெடுக்கப்பட்டு, 1971-இல் ஜுஹைர் முஹ்சின் என்பவர் தலைவரானார். டமாஸ்கஸ் அரண்மனையில் ஆள் மாறினால் பாலஸ்தீன விடுதலை இயக்கம் ஒன்றின் தலைமையும் மாறுகிறது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"பாலஸ்தீன மக்கள் என்று யாருமே இல்லை" என்று பாலஸ்தீனத் தலைவரே சொன்னதாக ஒரு செய்தி சுற்றுகிறதே?

சொன்னவர் இதே ஜுஹைர் முஹ்சின்தான். 1977 மார்ச்சில் நெதர்லாந்தின் 'ட்ரௌ' நாளிதழுக்குக் கொடுத்த பேட்டி. ஜோர்டானியர், சிரியர், லெபனானியர், பாலஸ்தீனர் எல்லோரும் ஒரே மக்கள், பாலஸ்தீன அடையாளம் என்பது அரசியல் தேவைக்காக வைத்துக்கொண்டது என்ற பொருளில் பேசியிருக்கிறார். பாலஸ்தீனர்களுக்கு நாடே வேண்டாம் என்பவர்கள் ஐம்பது வருடமாக இதைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

அவர் யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். துல்கரமில் பிறந்தவர், இளவயதிலேயே பாத் கட்சிக்குப் போனவர். தனித்தனி அரபு தேசங்கள் என்பதே பொய் என்பது அந்தக் கட்சியின் கொள்கை. பாலஸ்தீனம் என்பது தெற்கு சிரியா என்ற எண்ணம் டமாஸ்கஸில் வெகுகாலமாக உண்டு, பாலஸ்தீன மக்கள் என்று யாரும் இல்லை என்று அரஃபாத்திடம் அசாத் முகத்துக்கு நேரே சொன்னதாக லெபனான் தலைவர் கமால் ஜும்பிளாத் பதிவு செய்திருக்கிறார். ஆக, முஹ்சின் வாயில் வந்தது டமாஸ்கஸின் குரல். முகாம்களில் அவரை யாரும் தங்கள் தலைவராக எண்ணவில்லை. லெபனானில் நடந்த கொள்ளையை வைத்து ஜனங்கள் அவருக்குக் 'கம்பளக்காரர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். 1979 ஜூலையில் பிரான்சின் கான் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

சரி, 1976-இல் என்ன நடந்தது?

லெபனான் உள்நாட்டுப் போர் 1975-இல் தொடங்கியது. ஒரு பக்கம் ஃபலாஞ்ச் முதலான கிறிஸ்தவ வலதுசாரிப் படைகள், இன்னொரு பக்கம் ஜும்பிளாத் தலைமையில் இடதுசாரிகளும் முஸ்லிம் கட்சிகளும், அவர்களோடு பாலஸ்தீனர்கள். 1976 ஜனவரி 18-இல் ஃபலாஞ்ச் படையினர் கரந்தினா என்ற சேரியில் புகுந்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றார்கள். இரண்டே நாளில் அதற்குப் பழிவாங்க தமூர் என்ற கிறிஸ்தவ ஊர் சூறையாடப்பட்டது, அங்கேயும் நூற்றுக்கணக்கான உயிர்கள், குடும்பம் குடும்பமாக. தமூரைத் தாக்கியவர்களில் சாயிகா முன்னணியில் இருந்தது. பாலஸ்தீனத்தின் பக்கம் நிற்கிறேன் என்பதற்காக தமூரைச் சொல்லாமல் தாண்டிப்போக என்னால் முடியாது. அது படுகொலை.

அதுவரை இடதுசாரிகளின் பக்கம் நின்ற சிரியா அதற்குப் பிறகு திரும்பியது. இடதுசாரிகளும் பி.எல்.ஓ.வும் ஜெயிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், தன் சொல் கேளாத ஒரு ஆட்சி பக்கத்தில் அமைவதையும் அதைச் சாக்கிட்டு இஸ்ரேல் உள்ளே வருவதையும் அசாத் விரும்பவில்லை. தோற்றுக்கொண்டிருந்த வலதுசாரிகளைக் காப்பாற்ற 1976 ஜூன் 1-ஆம் தேதி சிரிய ராணுவம் லெபனானில் நுழைந்தது. எந்த எல்லைவரை வரலாம் என்று இஸ்ரேல் அமெரிக்கா மூலமாகச் சிவப்புக் கோடு போட்டுச் சொல்ல, சிரியா அதை மீறாமல் நடந்துகொண்டது. பெய்ரூட்டுக்குள் ஏற்கெனவே இருந்த சாயிகாவுக்கு, ஃபத்தாவையும் இடதுசாரிகளையும் உள்ளிருந்தே அடிக்கும் வேலை.

அது நடக்கவில்லை. சில நாட்களிலேயே பெய்ரூட்டிலிருந்த சாயிகா அலுவலகங்களை ஃபத்தாவும் மற்றவர்களும் கைப்பற்றிவிட்டார்கள், ஏனென்றால் சாயிகாவின் போராளிகளில் பெரும்பகுதியினர் சண்டைபோடவில்லை. சொந்த ஜனத்தின் மேல் சுட மாட்டோம் என்று துப்பாக்கியோடு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். விடுதலை ராணுவத்திலிருந்தும் பலர் அப்படியே ஓடிவந்தார்கள். இந்தக் கதையில் என் மனதுக்கு நெருக்கமானவர்கள் பெயர் தெரியாத அந்தப் போராளிகள்தான்.

தல் ஸாத்தர் பற்றிச் சொல்லும்போது சிரியாவின் பெயர் ஏன் வருகிறது? கொன்றது சிரியர்கள் இல்லையே?

முற்றுகையிட்டுக் கொன்றது லெபனான் வலதுசாரிப் படைகள். அவர்களால் அதைச் செய்ய முடிந்ததற்கு சிரியா காரணம்.

தல் ஸாத்தர் பெய்ரூட்டின் கிழக்கில் இருந்த அகதி முகாம். ஸாத்தர் என்பது அவர்கள் ரொட்டியை எண்ணெயில் தோய்த்துத் தொட்டுக்கொள்ளும் ஒருவகை மூலிகை, பெயருக்கு மூலிகைக் குன்று என்று பொருள். ஜூன் 22-ஆம் தேதி சண்டை முற்றியது, ஆகஸ்ட் 12-இல் முகாம் விழுந்தது. ஐம்பத்திரண்டு நாட்கள். குண்டுக்கு இணையாகத் தாகமும் கொன்றது. முகாமில் மிஞ்சியிருந்த நீர் திறந்தவெளியில் இருந்தது, மறைந்திருந்து சுடுபவர்கள் அதைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார்கள். இருட்டிய பிறகு பெண்கள் வாளியோடு வரிசையில் போவார்கள், போனவர்கள் எல்லோரும் திரும்புவதில்லை. ஒரு குவளைத் தண்ணீர் ஒரு குவளை ரத்தம் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். தண்ணீர் இல்லாமல் குழந்தைகள் தாயின் மடியிலேயே செத்தன. கடைசி நாளில் சரணடைந்து வெளியே வந்தவர்களையும் வழியில் இழுத்துக் கொன்றார்கள். மொத்தத்தில் குறைந்தது ஆயிரத்தைந்நூறு பேர் என்பது பொதுவான கணக்கு.

பாலஸ்தீனப் படைகள் மலைப்பக்கத்தில் சிரிய ராணுவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் முகாமை மீட்கப் போதிய ஆட்களைத் திருப்ப முடியவில்லை. ஜூலை 20-ஆம் தேதி, அதாவது அந்தப் பெண்கள் இரவில் வாளியோடு போய்க்கொண்டிருந்த அதே நாட்களில், அசாத் டமாஸ்கஸில் நீண்ட உரையாற்றித் தன் லெபனான் நடவடிக்கையை நியாயப்படுத்தினார்.

உயிர் தப்பியவர்களைப் பிறகு எங்கே குடிவைத்தார்கள் தெரியுமா? தமூரில். ஜனவரியில் கொல்லப்பட்டவர்களும் துரத்தப்பட்டவர்களும் விட்டுப்போன வீடுகளில்.

அப்படியானால் இந்தக் குழுக்கள் இஸ்ரேலோடு சண்டையே போடவில்லையா?

போட்டன. ஆரம்ப வருடங்களில் ஜோர்டான், லெபனான் எல்லைகளிலிருந்து சாயிகா தாக்குதல் நடத்தியது. 1973 போரில் விடுதலை ராணுவம் கோலானில் சண்டையிட்டுச் செத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சாயிகாவோடு தொடர்புள்ள இருவர் ஆஸ்திரியாவில் ரயிலில் வந்த சோவியத் யூதர்களைப் பணயமாகப் பிடித்தார்கள், அகதிகளாக நாட்டைவிட்டுப் போகிற சாதாரண ஜனங்களை. இதில் வீரம் எங்கே இருக்கிறது?

கவனிக்க வேண்டியது கோலான் எல்லையைத்தான். 1974 மே மாதம் சிரியாவும் இஸ்ரேலும் படைவிலகல் ஒப்பந்தம் போட்டன. அன்றிலிருந்து சுமார் நாற்பது வருடம் அந்த எல்லையில் அநேகமாகச் சத்தமே இல்லை. டமாஸ்கஸில் அலுவலகம் வைத்திருந்த எந்தப் பாலஸ்தீன அமைப்பும் கோலான் வழியாகப் போக முடியாது, உளவுத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. சண்டை போட வேண்டுமானால் லெபனானுக்குப் போ. அடி விழுவது லெபனான் கிராமத்து ஜனங்கள் மேல், பேச்சுவார்த்தையில் பலன் டமாஸ்கஸுக்கு.

சாயிகா மட்டும்தான் இப்படியா?

இல்லை. 1976-க்குப் பிறகு சாயிகா பாதி உயிரோடுதான் இருந்தது. 1983-இல் ஃபத்தாவுக்குள்ளேயே பிளவு வந்தது, பிரிந்தவர்களின் குறைகளில் நியாயமானவையும் இருந்தன. சிரியா அதைப் பிடித்துக்கொண்டது, அரஃபாத்தை டமாஸ்கஸிலிருந்து வெளியேற்றியது, அந்த வருடக் கடைசியில் லெபனானின் திரிப்போலியில் அவரை முற்றுகையிட்டார்கள். பாலஸ்தீனர்கள் பாலஸ்தீன முகாம்கள் மேல் குண்டு போட்டார்கள். டிசம்பரில் அரஃபாத் கப்பலேறிப் போனார்.

நெடுங்காலம் நிலைத்தது அஹ்மத் ஜிப்ரீலின் அமைப்பு, பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியின் பொதுக் கட்டளையகம். ஜிப்ரீல் சிரிய ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். 1968-இல் மக்கள் முன்னணியின் தலைவர் ஜார்ஜ் ஹபாஷிடமிருந்து பிரிந்தார், 2021-இல் டமாஸ்கஸில் இறக்கும்வரை அவர்தான் தலைவர். இஸ்ரேலுக்கு எதிரான அவருடைய தாக்குதல்களில் 1974 கிர்யத் ஷ்மோனாவில் குழந்தைகள் உட்பட 18 பேரைக் கொன்றதும் உண்டு, 1985-இல் மூன்று இஸ்ரேலிய வீரர்களைக் கொடுத்து 1,150 கைதிகளை மீட்டதும் உண்டு. அந்த மீட்புக்காக முகாம்களில் அவரைக் கொண்டாடினார்கள். அந்தப் பேரையெல்லாம் அவர் யர்மூக்கில் தொலைத்தார்.

யர்மூக்கில் என்ன ஆனது?

டமாஸ்கஸின் தெற்கில், வெறும் 2.1 சதுர கிலோமீட்டரில், போருக்கு முன் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வாழ்ந்த இடம். முகாம் என்று பெயரே தவிர, கடைத்தெருவும் பள்ளிக்கூடங்களுமாக ஒரு நகரம்.

2011 ஜூன் 5. ஹாஃபிஸின் மகன் பஷார் அல்-அசாத்தின் ஆட்சிக்கு எதிராக மக்கள் எழுச்சி தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. யாரும் எட்டிப்பார்க்க முடியாத கோலான் எல்லைக்கு அன்று மட்டும் பேருந்து பேருந்தாக இளைஞர்கள் போக முடிந்தது. முள்வேலியை நெருங்கியவர்களை இஸ்ரேலியப் படை சுட்டது, பலர் செத்தார்கள். மறுநாள் யர்மூக்கில் சவ ஊர்வலம். தங்கள் பிள்ளைகளை ஆட்சியைக் காப்பாற்றப் பலிகொடுத்துவிட்டார்கள் என்று ஜனங்களுக்குப் புரிந்துவிட்டது. கோபத்தோடு ஜிப்ரீலின் அலுவலகக் கட்டடத்துக்குப் போனார்கள். காவலுக்கு நின்றவர்கள் கூட்டத்தைச் சுட்டார்கள், பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கோலானில் செத்த பிள்ளைகளை அடக்கம் செய்ய வந்தவர்கள் அவர்கள்.

2012 டிசம்பரில் சிரிய விமானம் யர்மூக்கில் அகதிகள் தங்கியிருந்த பள்ளிவாசலைத் தாக்கியது, கிளர்ச்சியாளர்கள் முகாமுக்குள் வந்தார்கள், பெரும்பாலானோர் வெளியேறினார்கள். 2013 ஜூலையிலிருந்து முழு முற்றுகை. வடக்கு வாசலில் ராணுவத்தோடு சேர்ந்து காவல் நின்றது ஜிப்ரீலின் ஆட்கள். உள்ளே சுமார் பதினெட்டாயிரம் பேர். புல்லைப் பறித்து வேகவைத்தார்கள், மசாலாப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார்கள், பூனை நாய் தின்னலாம் என்று பள்ளிவாசல் இமாம்கள் மார்க்கத் தீர்ப்பு கொடுக்க வேண்டியிருந்தது. 2014 மார்ச்சில் மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி கொடுத்த கணக்கில் பட்டினியால் மட்டும் 128 பேர் செத்திருந்தார்கள். அந்த ஜனவரியில் எடுத்த ஒரு படம் உலகம் முழுக்கப் போனது: இரண்டு பக்கமும் இடிந்த கட்டடங்கள், நடுவில் தெருவை அடைத்துக்கொண்டு கண்ணுக்கெட்டிய தூரம்வரை உணவுப் பெட்டிக்காக நிற்கிற முகங்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அப்புறம் 2015-இல் ஐ.எஸ். தீவிரவாத அமைப்பு உள்ளே வந்தது, 2018-இல் ராணுவம் ஒரு மாதம் குண்டுபோட்டு மிச்சத்தையும் இடித்தது. அப்போது ராணுவத்தோடு நின்றவர்களில் இந்தப் பாலஸ்தீனக் குழுக்கள் எல்லாம் இருந்தன. அலெப்போவின் நைரப் முகாமைச் சேர்ந்த ஒருவர் 2013-இல் தொடங்கிய 'லிவா அல்-குத்ஸ்', அதாவது ஜெருசலேம் படையணியும் வந்தது. அது ஜெருசலேம் பக்கம் ஒருநாளும் போனதில்லை. அலெப்போவில் சண்டையிட்டது, ரஷ்யா அதற்கு ஆயுதம் கொடுத்தது.

இவர்களை எல்லாம் துரோகிகள் என்று சொல்லிவிடலாமா? ஒட்டுக்குழு என்று?

ஒட்டுக்குழு என்று தாராளமாகச் சொல்லலாம், அரசோடு ஒட்டிக்கொண்டு சொந்த ஜனத்துக்கு எதிராக நிற்கும் குழுவுக்கு, இதற்கென்றே நம் மொழியில் இருக்கும் சொல் அது. துரோகி என்று மொத்தமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைமை வேறு, ஆட்கள் வேறு. கட்டாய சேவையில் போனவனால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அவனுக்கு இருந்த இடம் 'பாலஸ்தீனக் கிளை'. அது ராணுவ உளவுத்துறையின் 235-ஆம் பிரிவு, டமாஸ்கஸில் சித்திரவதைக்குப் பேர்போன சிறை. மாஹர் அரார் என்ற கனடா நாட்டுக்காரர் 2002-இல் அங்கே மாட்டிப் பத்து மாதம் ஒரு அறையில் கிடந்தார். மூன்றடி அகலம், ஆறடி நீளம், அதைக் கல்லறை என்றே அவர் சொன்னார். சித்திரவதைக்கூடத்துக்குப் பாலஸ்தீனத்தின் பெயர். அசாத் ஆட்சியில் இப்படிப்பட்ட சிறைகளுக்குள் போய்க் காணாமல் போன பாலஸ்தீனர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதுவது இஸ்ரேலுக்குச் சாதகமாகிவிடாதா?

இந்தக் கேள்வி நல்ல மனதோடுதான் கேட்கப்படுகிறது, அதனால் நேராகச் சொல்கிறேன். காஸாவில் பசியால் குழந்தை செத்தால் அழுகிறோம். யர்மூக்கில் பசியால் செத்த குழந்தையின் குடும்பமும் 1948-இல் அதே நாட்டிலிருந்து அதே கையால் துரத்தப்பட்டதுதான். முற்றுகை போட்டவன் யார் என்று பார்த்து அழுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய என்னால் ஆகாது. இந்தச் சங்கதிகளை நாம் சொல்லாமல் விட்டால், முஹ்சின் பேட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள் இஷ்டத்துக்குச் சொல்வார்கள்.

இப்போது இந்தக் குழுக்களின் நிலை என்ன?

2024 டிசம்பர் 8-இல் பஷார் அல்-அசாத் ரஷ்யாவுக்கு ஓடினார். புதிய ஆட்சி இந்தக் குழுக்களின் ஆயுதங்களை வாங்கிக்கொண்டது, தலைவர்கள் பலர் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். பாலஸ்தீனக் கிளையின் கதவுகள் திறந்தபோது, பிள்ளைகளைத் தேடிப்போனவர்கள் தரையில் சிதறிக்கிடந்த கோப்புகளைக் குனிந்து புரட்டிக்கொண்டிருந்தார்கள், ஏதாவது ஒரு தாளில் பெயர் இருக்குமா என்று.